குதிரையின் தீனிக் கணக்கு: கொள்ளுக்கு முன்னால் புல்

குதிரைக்கு என்ன தீனி என்று யாரைக் கேட்டாலும் கொள்ளு என்றுதான் பதில் வரும். ஆங்கிலத்தில் அந்தப் பயறுக்குக் குதிரையின் பெயரையே வைத்துவிட்டார்கள். தமிழிலோ குதிரையின் பெயர் வேறொரு பயிருக்குப் போயிருக்கிறது: குதிரைமசால். அது தீவனப்பயிர், இலையும் தண்டும் கால்சியமும் நிறைந்தது. நம்மூர் லாயங்களில் பெரும்பாலும் குறைவுபடுவது இந்த இரண்டாவது வகைத் தீனிதான். புல் குறையும்போது அந்த இடத்தைக் கொள்ளையும் தவிட்டையும் வைத்து நிரப்புகிறார்கள். வயிற்றுவலி, குளம்பு நோய், எலும்புத் தேய்வு என்று பின்னால் வருகிற பல தொல்லைகளுக்கு அங்கேதான் வேர்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் முதன்முறையாகக் குதிரை வாங்குகிறவர்களுக்கும், வண்டிப் பந்தயத்துக்கோ சுற்றுலாச் சவாரிக்கோ குதிரை வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை ஒன்றே. முதலில் வயிற்றைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மாட்டு வயிறு வேறு, குதிரை வயிறு வேறு

மாடு தின்றதை முதலில் நொதிக்க வைக்கிறது, பிறகு செரிக்கிறது. குதிரையில் வரிசை தலைகீழ். முதலில் செரிமானம், நொதித்தல் கடைசியில்.

1. இரைப்பை: உடம்பின் அளவுக்கு இது மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவும் பகலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தை ஆற்றுவது உமிழ்நீர். அதுவோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். ஒரு கிலோ உலர்புல்லைத் தின்னக் குதிரைக்கு ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். 3,000 முறைக்கு மேல் மெல்லும். ஒரு கிலோ ஓட்ஸை 10 நிமிடத்தில் முடித்துவிடும். ஆகவே தானியம் மட்டும் தின்கிற குதிரை அமிலம் நிறைந்த வயிற்றோடு மணிக்கணக்கில் நிற்கிறது. இரைப்பைப் புண் வருவதற்கு அதுவே போதும்.

2. சிறுகுடல்: சுமார் 20 மீட்டர் நீளம். மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் செரிப்பது இங்கேதான். மாவுச்சத்தை ஒரே வேளையில் நிறையக் கொடுத்தால் இதனால் ஈடுகொடுக்க முடியாது.

3. குருட்டுக்குடலும் பெருங்குடலும்: இரண்டும் சேர்ந்து 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் நொதித்தொட்டி. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இங்கே நாரை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குதிரை அவற்றை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. புல்லை மட்டும் தின்று ஒரு குதிரை கொழுகொழுவென்று இருப்பது இதனால்தான்.

சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து தொட்டிக்குள் வழிந்தால் லாக்டிக் அமிலம் பெருகுகிறது. நாரை உடைக்கிற நுண்ணுயிர்கள் மடிகின்றன; அவற்றின் நச்சு இரத்தத்தில் கலக்கிறது. சில மணி நேரத்தில் வயிற்றுவலி வரலாம். வராமலும் போகலாம், ஆனால் ஓரிரு நாள் கழித்து நான்கு குளம்பும் சூடாகி, குதிரை முன்னங்காலை நீட்டி, பின்னங்காலில் பாரம் போட்டு நிற்கும். இது லேமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சி. இந்த ஓரிரு நாள் இடைவெளிதான் குழப்பத்துக்குக் காரணம். சனிக்கிழமை கல்யாண ஊர்வலத்தில் சோறும் இனிப்பும் தின்ற குதிரை திங்கட்கிழமை நொண்டும்போது பழி லாடம் அடித்தவர் மேல் விழுகிறது.

இன்னொன்று: குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். தீனியை மாற்றுவதாக இருந்தால் 7 முதல் 14 நாள் எடுத்துக்கொண்டு, பழையதைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டும். சந்தையில் குதிரை வாங்கும்போது அது இதுவரை என்ன தின்றது என்று கேட்டு, ஒரு வாரத்துக்காவது அதே தீனியை வாங்கி வருவது, பேரம் பேசிக் குறைத்த தொகையைவிட அதிகம் காப்பாற்றும்.

முதலில் எடை, பிறகு அளவு

எடை தெரியாமல் தீனியின் அளவைச் சொல்ல முடியாது. எடைமேடை தேவையில்லை, தையல்காரரின் அளவு நாடா போதும்.

1. முன்னங்காலுக்குப் பின்னால், பிடரி முடிவடையும் மேட்டைச் சுற்றி மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுக்கவும்.
2. தோள் முனையிலிருந்து பின்புட்டத்தின் முனைவரை உடல் நீளத்தை எடுக்கவும்.
3. சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880. வருவது கிலோகிராமில் எடை. சுற்றளவு 165, நீளம் 153 என்றால் ஏறக்குறைய 350 கிலோ. வளர்ந்த குதிரைக்கு மட்டுமே இந்தக் கணக்கு. குட்டிக்கும் நிறைசினைக்கும் பொருந்தாது.

வளர்ந்த குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் சுமார் 2 விழுக்காடு உலர்பொருள் தின்னும். உலர்பொருள் என்பது தீனியிலிருந்து தண்ணீரைக் கழித்தால் மிஞ்சுவது. இதில் குறைந்தது 1.5 விழுக்காடு நார்த்தீவனமாக, அதாவது புல்லாகவோ உலர்புல்லாகவோ இருந்தே ஆக வேண்டும். 350 கிலோ குதிரைக்கு அது 5.25 கிலோ உலர்பொருள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நன்றாகக் காய்ந்த புல்லில் பத்தில் ஒன்பது பங்கு உலர்பொருள். 6 கிலோ போதும். பச்சை அருகம்புல்லில் முப்பது விழுக்காடு என்று வைத்தால் 17 கிலோவுக்கு மேல் வேண்டும். கம்பு நேப்பியர் போன்ற நீர்ச்சத்து மிகுந்த பசும்புல்லில் இருபது விழுக்காடுதான். 26 கிலோ தேவை. தலைச்சுமையாக ஒரு கட்டுப் புல்லைக் கொண்டுவந்து போட்டதும் தீனித்தொட்டி நிறைந்து தெரிகிறது. அந்தக் கட்டு 10 கிலோ என்றால் குதிரைக்குக் கிடைத்தது 2 கிலோ தீனிதான். கட்டைத் தராசில் தொங்கவிட்டு ஒருமுறையாவது எடை பார்த்துவிட வேண்டும்.

ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 100 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். வெயிலும் வேலையும் சேர்ந்தால் இருமடங்கு ஆகும். தண்ணீர் குறைந்தால் தின்ற நார் பெருங்குடலில் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் குதிரை தண்ணீர் குடிக்கத் தயங்கும் என்பதால் அங்கே இந்த அடைப்பை மறக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் கூடுதலாகக் குடிக்கும். குளிருக்குக் கொள்ளைக் கூட்டுவதைவிட உலர்புல்லைக் கூட்டுவது நல்லது. நார் நொதிக்கும்போது பிறக்கிற வெப்பம்தான் குதிரையின் கணப்பு.

கொள்ளு, தவிடு, சோறு

கொள்ளில் 22 விழுக்காட்டையொட்டிப் புரதம் உண்டு. நல்ல தீனிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பச்சையாகக் கொடுத்தால் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் அதில் இருக்கின்றன. அதனால்தான் ஊறவைத்து வேகவைக்கும் வழக்கம் வந்தது. அந்த வழக்கம் சரியானது. இரவு முழுக்க ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மசிகிற பதத்துக்கு வேகவைத்து, ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். வெந்த கொள்ளு எடையில் இருமடங்குக்கு மேல் போகும் என்பதால் அளவை எப்போதும் காய்ந்த கொள்ளில் சொல்ல வேண்டும். நடுத்தர வேலை செய்யும் 350 கிலோ குதிரைக்கு நாளுக்கு 1 கிலோ, வேளைக்கு அரைக்கிலோ என்று நிறுத்திக்கொள்ளலாம். காலையில் வேகவைத்ததை மாலைவரை வைத்திருந்தால் நம் வெயிலில் புளித்துவிடும். புளித்ததைக் கொட்டத்தான் வேண்டும். அளவுக்கு மேல் புரதம் போனால் குதிரைக்குத் தாகம் கூடும், நிறைய மூத்திரம் போகும், லாயத்தில் கண் எரிகிற நெடி அடிக்கும். கொள்ளைக் குறைக்க வேண்டும் என்பதற்கு அந்த நெடியே அடையாளம்.

எந்த அடர்தீவனமும், அதாவது தானியம், பயறு, பிண்ணாக்குக் கலவை எதுவும், ஒரு வேளைக்கு உடல் எடையில் அரை விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 350 கிலோவுக்கு அது ஒன்றே முக்கால் கிலோ. முடிந்தவரை அதற்கும் கீழே நிற்பதே நல்லது. மக்காச்சோளத்தின் மாவுச்சத்து முழுமணியாகக் கொடுத்தால் சிறுகுடலில் சரியாகச் செரிக்காது. மாவுச்சத்து நொதித்தொட்டிக்குள் வழிவதற்கு அது நேர்வழி.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, கடல் கடந்து வந்த குதிரைகளுக்கு இங்கே சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள், ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூடத் தேறுவதில்லை என்று குறித்திருக்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். சோறு குதிரைக்கு ஆகாது என்பதில் மிகை இல்லை. இன்றும் மிஞ்சிய சோறு, சர்க்கரைப் பொங்கல், ரொட்டி என்று அன்போடுதான் கொடுக்கிறார்கள். குதிரைக்கு அந்த அன்பு வேண்டாம்.

கண்ணில் படாத பள்ளம்: கால்சியம்

குதிரையின் மொத்தத் தீனியில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதலாக இருக்க வேண்டும். ஒன்றரைக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரை நல்ல விகிதம். சமத்துக்குக் கீழே போகவே கூடாது. கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைப் போலப் பத்து மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. அரிசித் தவிடு அதைவிட மோசம்.

இதன்மேல் இன்னொரு சிக்கல். வெப்பநாட்டுப் புற்கள் பலவற்றில், குறிப்பாக நேப்பியர், கினியாப்புல், கொழுக்கட்டைப்புல் வகைகளில், ஆக்சலேட் என்ற பொருள் உண்டு. அது கால்சியத்தைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடுவதால் மாடு தப்பித்துக்கொள்கிறது. மாட்டுக்காக வளர்த்த கோ-4, கோ-5 என்ற நேப்பியர் வகைப் புல்லையே குதிரைக்கும் போடும்போது இந்த வேறுபாடு மறந்துபோகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 350 கிலோ குதிரை, நாளுக்கு 25 கிலோ நேப்பியர், 2 கிலோ கோதுமைத் தவிடு. புல்லிலிருந்து தோராயமாக 18 கிராம் கால்சியம், தவிட்டிலிருந்து 2 கிராம், மொத்தம் 20. தேவை 14 கிராம்தானே, போதுமே என்று தோன்றும். பாஸ்பரஸைக் கூட்டினால் 35 கிராமை எட்டுகிறது. விகிதம் கவிழ்ந்துவிட்டது. இருக்கிற கால்சியத்திலும் பெரும்பகுதியை ஆக்சலேட் பிடித்துக்கொள்கிறது. உடம்பு என்ன செய்யும்? எலும்பிலிருந்து எடுக்கும். தொடக்கத்தில் ஒருநாள் ஒரு கால், மறுநாள் வேறு கால் என்று மாறி மாறி நொண்டும். பிறகு கண்ணுக்குக் கீழே முகத்தின் இருபக்க எலும்பும் உப்பும், பல் ஆடும், மெல்ல வலிக்கும். இரத்தத்தில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே காட்டும், ஏனென்றால் எலும்பைக் கரைத்துத்தான் அதைச் சரியாக வைத்திருக்கிறது. ஆகவே இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பாமல் தீனியைக் கணக்கிட வேண்டும்.

சரிசெய்யும் வழி:

1. தவிட்டை நிறுத்துங்கள், அல்லது ஒரு கைப்பிடி அளவுக்குக் குறையுங்கள்.
2. புல்லில் ஒரு பகுதியையாவது அருகம்புல்லாக மாற்றுங்கள். பந்தய லாயங்களில் ஹரியாலி என்று தேடி வாங்குவது இதைத்தான்.
3. உலர்ந்த குதிரைமசால் 1 முதல் 2 கிலோ சேருங்கள். ஒரு கிலோவில் சுமார் 13 கிராம் கால்சியமும் 170 கிராம் புரதமும் உண்டு. குதிரைமசால் வந்த பிறகு கொள்ளைக் குறைக்கலாம்.
4. ஆக்சலேட் புல்லைத் தவிர்க்கவே முடியாதென்றால் தீவனத்தர சுண்ணாம்புக்கல் தூளும் டைகால்சியம் பாஸ்பேட்டும் வேண்டும். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு கூடாது, வாயையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கிவிடும்.

தொடவே கூடாதவை

கோழித்தீவனத்திலும் சில மாட்டுத்தீவனங்களிலும் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து மாட்டுக்குத் தீங்கு செய்யாத அளவிலேயே குதிரையின் இதயத்தசையை அழித்துக் கொன்றுவிடும். தீவன மூட்டைகளைப் பிரித்து வைப்பதும் அள்ளும் படியைத் தனியாக வைத்திருப்பதும் அவசியம். பச்சைச் சோளப்பயிரைத் தொடர்ந்து தின்றால் தண்டுவடம் கெட்டுப் பின்னங்கால் தள்ளாடும், மூத்திரம் சொட்டிக்கொண்டே இருக்கும். சவுண்டல் என்ற தீவன மரத்தின் தழையில் உள்ள மிமோசின் பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்க்கும். கடலைக்கொடி நல்ல தீனி, பூஞ்சணம் பிடிக்காதவரை. உதறினால் தூசி பறந்து மக்கிய நாற்றம் அடிக்கும் கட்டை அப்படியே குப்பைக்கு அனுப்ப வேண்டும். வைக்கோல் வாயை வேலை செய்யவைக்கும். சத்து மிகக் குறைவு.

பிறந்த குட்டி

குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். தாய்க்கு மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சு விழ வேண்டும். குதிரையின் நஞ்சுக்கொடி வழியாக நோயெதிர்ப்புப் புரதம் குட்டிக்குப் போகாது. அது கிடைப்பது சீம்பாலில் மட்டுமே. குட்டியின் குடல் அதை உறிஞ்சும் வாசல் நேரம் போகப் போக மூடிக்கொண்டே வந்து ஒரு நாளில் அடைந்துவிடும். 35 கிலோ குட்டிக்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒரு லிட்டராவது உள்ளே போயிருக்க வேண்டும். தானாகக் குடிக்காவிட்டால் கறந்து புகட்ட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தாய் இறந்தால் பசும்பாலை அப்படியே கொடுக்க முடியாது. பசும்பாலில் கொழுப்பு அதிகம், சர்க்கரை குறைவு. 2 விழுக்காடு கொழுப்புள்ள பாலில் லிட்டருக்கு 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் கலந்து கொடுப்பார்கள். டெக்ஸ்ட்ரோஸுக்குப் பதில் வீட்டுச் சீனியைப் போட்டால் பச்சிளம் குட்டியால் செரிக்க முடியாமல் கழிச்சல் வரும். முதல் வாரத்தில் இரவிலும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் வேண்டும். தாயின் லத்தியைக் குட்டி தின்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். நொதித்தொட்டிக்கு வேண்டிய நுண்ணுயிர்களை அது அப்படித்தான் சேர்க்கிறது.

இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரை

இரண்டாம் மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. தாய் நுழைய முடியாத, குட்டி மட்டும் நுழையக்கூடிய தடுப்புக்குள் 14 முதல் 16 விழுக்காடு புரதமுள்ள தீவனத்தை வைக்க வேண்டும். வயது எத்தனை மாதமோ நாளுக்கு அத்தனை அரைக்கிலோ என்பது பெரிய இனங்களுக்கான உச்ச அளவு. நம் நாட்டுக்குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் அதில் பாதியில் தொடங்கலாம். நான்கு முதல் ஆறு மாதத்தில் பால் மறக்கச் செய்யும்போது குட்டி தீவனம் தின்னப் பழகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இளைத்துவிடும்.

வளர்ந்தபின் 350 கிலோ எட்டக்கூடிய குட்டி ஆறு மாதத்தில் 150 கிலோவையும் ஒரு வயதில் 225 கிலோவையும் ஒட்டியிருக்கும். இதைவிட வேகமாகக் கொழுக்க வைப்பதில் பெருமை இல்லை. மாவுச்சத்தால் உந்தப்பட்ட வளர்ச்சியோடு கால்சியமும் தாமிரமும் குறைந்தால் மூட்டுக் குருத்தெலும்பு சரியாக எலும்பாகாது. முழங்காலும் கணுவும் வீங்கும், கால் நேராக வளராது. பந்தயக் கனவோடு ஒரு வயதிலேயே கொள்ளை அள்ளிப் போடுகிறவர்கள் மூன்று வயதில் அந்தக் காலை இழக்கிறார்கள். இந்த வயதில் கொள்ளைவிடக் குதிரைமசாலும் தாதுக்கலவையும் முக்கியம்.

வேலைக்குதிரை

வியர்வையில் உப்பு கொட்டுகிறது. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய 9 கிராம் உப்பு போய்விடும். 350 கிலோ குதிரைக்கு ஓய்வில் நாளுக்கு 20 கிராம், வெயிலில் உழைத்தால் 40 முதல் 60 கிராம் கல்லுப்பு தீவனத்தில் கலக்கலாம், பக்கத்தில் தாராளமாகத் தண்ணீர் இருந்தால் மட்டுமே. கடும் ஓட்டத்துக்கு முன் மூன்று நான்கு மணி நேரம் தானியம் கூடாது. சிறிது புல் இருக்கலாம், அமிலம் வயிற்றுச் சுவரில் தெறிக்காமல் அது காக்கும். வேலையில்லாத நாளில் தானியத்தைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். ஞாயிறன்று முழுத் தீனியும் தின்று கட்டிக் கிடந்த குதிரை, மறுநாள் ஓடத் தொடங்கியதும் தொடைத்தசை இறுகி நகர முடியாமல் நிற்கும். மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். திங்கட்கிழமை நோய் என்ற பெயரே இதனால் வந்தது. அப்போது நடக்க வைக்கக் கூடாது.

மணல் தரையில் தீனியைக் கொட்டினால் மணலும் சேர்ந்து உள்ளே போய்க் குடலில் படியும். கடற்கரைக் குதிரைகளுக்கு இது பெரிய தொல்லை. லத்தியைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது நேரம் வைத்தால் அடியில் மணல் தெரியும். தொட்டியிலோ தார்ப்பாயிலோ தீனி போட வேண்டும்.

குதிரை தரையைக் கிளறி, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்துப் புரண்டு, லத்தி போடாமல் இருந்தால் தீனியை எடுத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். தாடைக்குக் கீழே நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 இருப்பது இயல்பு. 60ஐத் தாண்டினால் நேரம் கடத்தக் கூடாது. தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கான எண் 1962. மருத்துவர் வருமுன் வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்; வயிற்றுவலியில் பிழைத்த குதிரையும் அதனால் சாகும்.

சினையும் பாலூட்டலும்

பதினொரு மாதச் சினையில் முதல் எட்டு மாதம் வழக்கமான தீனியே போதும். கடைசி மூன்று மாதத்தில்தான் குட்டி வேகமாக வளர்கிறது. அப்போது வயிற்றில் இடம் குறைவதால் சத்துச் செறிவான தீனி வேண்டும். தாமிரம் உள்ள தாதுக்கலவையை இந்த மாதங்களில் கொடுக்க வேண்டும். பாலில் தாமிரம் மிகக் குறைவு, குட்டி பிறக்குமுன்னே தன் ஈரலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. குட்டி போட்டதும் தாயின் தேவை ஒரேயடியாக ஏறும். 350 கிலோ தாய்க்குப் புரதம் 440 கிராமிலிருந்து 1,075 கிராமுக்கும், கால்சியம் 14லிருந்து 41 கிராமுக்கும் போகும். விலா எலும்பு துருத்தத் துருத்தப் பாலூட்டுகிற தாய்களைச் சாதாரணம் என்று விட்டுவிடக் கூடாது, அது பட்டினி.

வயதான குதிரை

குதிரையின் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் தேய்ந்துகொண்டே வெளிவரும். இருபது வயதையொட்டி சில பற்கள் முடிந்துபோகும்; மிஞ்சியவற்றின் ஓரம் கத்தியாகிக் கன்னத்தைக் கிழிக்கும். பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகத் தொட்டியடியில் கிடந்தால் பல் மருத்துவம் தேவை. ஆண்டுக்கு இருமுறை வாயைத் திறந்து பார்த்து, கூர்மையை அரத்தால் ராவ வேண்டும்.

மெல்ல முடியாத குதிரைக்கும் நார் வேண்டும், வடிவம்தான் மாற வேண்டும். அருகம்புல்லையும் குதிரைமசாலையும் இரண்டு விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, தண்ணீர் தெளித்துக் கொடுக்கலாம். குதிரைமசால் குச்சித்தீவனம் கிடைத்தால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றிக் கஞ்சிப் பதமாக ஊறவைக்க வேண்டும். உலர்ந்ததைக் கொடுத்தால் உணவுக்குழாயில் அடைத்து, மூக்கு வழியாகத் தீனியும் எச்சிலும் ஒழுகும். நாளுக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்து, மற்ற குதிரைகள் துரத்தாத இடத்தில் தனியாகக் கட்டிப் போட வேண்டும். இளம் குதிரை கால் மணியில் முடிப்பதற்கு இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை தொட்டியை எடுக்கக் கூடாது.